வெள்ளிக்கிழமை ஆல்பங்கள்

டிசம்பர் வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்குப் பத்து பாட்டு ஆல்பத்தைப் பட்டியல் போட வேண்டும். அந்த வருடம் வந்தவற்றில் பிடித்த பத்து, வரிசைப்படி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. குழு என்றால் பெரிய கூட்டமில்லை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நான் வேலை பார்க்கும் காட்டேஜில் எப்போதோ வந்து தங்கிப்போன சிலர், அவர்களுக்குத் தெரிந்த சிலர். ராக்கும், பெரிய கம்பெனி இல்லாமல் தாங்களே போடுகிற இண்டி பாட்டும்தான் பேச்சு. கொச்சிக்காரர் ஒருவர் மாதம் பிறந்த அன்றே போட்டுவிடுவார். அதற்குப் பிறகு வருகிற ஆல்பங்கள் அவரைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. நான் எப்போதும் கடைசி. இந்த வருடம் இன்னும் போடவில்லை. ஒன்பது தயாராக இருக்கிறது. முதலிடம் எது என்று எனக்குத் தை மாதத்திலேயே தெரியும். அதை எழுதத்தான் கை கூசுகிறது.

கீழேயிருந்து வருகிறேன். பத்தாவது இடம் எப்போதும் பீற்றிக்கொள்வதற்கு. ஒரு மணி நேரம் கிட்டாரை வைத்துக்கொண்டு தகரம் அறுக்கிற மாதிரி சத்தம் போடும் ஆல்பம் ஒன்று. இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை பாத்திரம் தேய்த்துக்கொண்டே. 'துணிச்சலான தேர்வு' என்று குழுவில் ஒருவராவது சொல்வார், அதற்காகத்தான் போடுகிறேன். ஒன்பதாவது மதுரைப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர், தமிழில் ராக். பாட்டு சுமார்தான். பாடுகிறவரின் குரல் டிரம்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டு மூச்சு விடத் தவிக்கும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்ற பாசத்தில் ஒரு இடம் கொடுத்தேன். கொடுக்கவில்லை என்றால் யாரும் கேட்கப் போவதில்லை, எனக்குத்தான் தூக்கம் வராது.

மேலே போகப் போகப் பொய் குறையும். அறுபதைத் தாண்டிய ஆட்கள் நாலு பேர், பழைய பேண்ட், பல வருடம் கழித்து ஒன்று சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டிருந்தார்கள். வேகமான பாட்டுகளில் டிரம்ஸ் அடிப்பவருக்கு மூச்சு வாங்குவது கேட்கும். அம்மா எங்கள் வீட்டுப் படி ஏறுகிற சத்தம் அது. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், கடைசிப் பாட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. அதை நான்காவதாக வைத்தேன். மூன்றாவது, வடகிழக்கு மலை ஊர் ஒன்றிலிருந்து மூன்று பெண்கள். சர்ச் ஹாலில் ரெக்கார்ட் செய்திருக்கிறார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் மழை பிடித்துக்கொள்கிறது. தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தை அவர்கள் எடுக்கவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை, கொஞ்சம் உரக்கப் பாடுகிறார்கள், அவ்வளவுதான். மழைக்காலத்தில் எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் கத்திப் பேசுவோம். ஊரும் தெரியாது, முகமும் தெரியாது, ஆனாலும் அந்தக் கத்தலைக் கேட்டதும் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

இந்தக் கிறுக்கு எனக்கு எப்படிப் பிடித்தது என்று கீழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். கொடைக்கானலில் இது அதிசயமில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து ஹாஸ்டல் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது கழித்துவிட்டுப் போகிற கேசட்டுகள் பஜாரில் கிடைக்கும். அட்டை கிழிந்திருக்கும், யார் பாடுகிறார்கள் என்றுகூடத் தெரியாது. அப்படி ஆரம்பித்தது. கல்யாணம் ஆகாமல் நாற்பதை நெருங்குகிற பெண்ணுக்கு ஊர் ஏதாவது ஒரு காரணம் தேடும். என் விஷயத்தில் காதில் எப்போதும் மாட்டியிருக்கிற இந்த இயர்போன்தான் காரணம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். தப்பில்லை.

உலகம் முழுக்க புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளிவருகின்றன. அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் நான் வெள்ளனே எழுந்துவிடுவேன். எழுந்த கையோடு குளித்தும் விடுவேன். அந்தக் குளிரில் மற்ற நாள் என்னை எழுப்ப ஆள் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆனால் மகளுக்கு எங்கிருந்தோ பக்தி வந்துவிடுகிறது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் திருத்தவில்லை. இந்தக் கதையில் நான் திருத்தாமல் விட்ட முதல் விஷயம் அது.

இந்த வருடம் அம்மா தன் மூட்டுவலிக்காகப் பழனிக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். மூட்டு வலிக்கிறவள் எப்படி மலையிறங்கி நடப்பாள்? நேர்ந்தது அவள், நடந்தது நான். தைப்பூசத்துக்குப் பக்கத்து ஊரான வில்பட்டியிலிருந்து ஒரு கூட்டம் மலைப்பாதை வழியாக நடந்து பழனிக்கு இறங்கும். எங்கள் காட்டேஜில் துணி துவைத்து ரூம் கூட்டுகிற அக்கா வில்பட்டிக்காரர்தான். தினமும் காலை பஸ்ஸில் வருவார். "எங்க கூட்டத்தோட வா புள்ள, பொம்பளையாளுக நெறைய இருப்பாக, பயமில்ல" என்று அவர்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அக்காவைப் பற்றி ஊருக்கே தெரிந்த விஷயம் ஒன்று உண்டு, ஊரே பேசாத விஷயமும் அதுதான். அவருடைய ஒரே மகள் இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள். அப்பாக்காரர் தலைமுழுகிவிட்டார். வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது. ஊரும் நாகரிகம் பார்த்துக்கொண்டு எடுக்கவில்லை. நான் அக்காவோடு தினமும் வேலை பார்க்கிறவள், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதையும் நாகரிகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலையிறங்கி அடிவாரத்தில் பாலசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கினோம். மறுநாள் காலை அங்கேயே குளித்து, குடத்தில் பால் நிறைத்து, மேளத்தோடு பழனிக்குப் போவது வழக்கம். அந்த மறுநாள் வெள்ளிக்கிழமையாக வந்து தொலைத்தது. மலைப்பாதை முழுக்க செத்துக் கிடந்த என் போன் அடிவாரத்தில் உயிர் பெற்றிருந்தது; விடிந்து பார்த்தால், நான் நாலு வருடமாகக் காத்திருந்த ஆல்பம் அதில் வந்து உட்கார்ந்திருந்தது. என் முதலிடம் அதற்குத்தான். எங்கோ குளிர்தேசத்துப் பேண்ட். பாடுகிறவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் பாட மாட்டார் என்று சொல்லியிருந்தார்கள். பாடியிருந்தார்.

பாலை ஊற்றிவிட்டு வந்து கேட்டிருக்கலாம். உலகத்தில் வேறு யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். முருகனுக்கு நேரம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று பட்டது. தலைக்குக் குளித்து ஈரமுடியை விரித்துப் போட்டிருந்தேன். காதில் செருகுகிற அந்த இரண்டு குமிழும் முடிக்குள் மறைந்துவிட்டன. மஞ்சள் சேலை, தலையில் பால்குடம், வெறுங்கால், காதுக்குள் கிட்டார். முன்னால் உறுமி மேளம் போய்க்கொண்டிருந்தது.

முதல் இரண்டு பாட்டும் சாதாரணமாகத்தான் போனது. மூன்றாவதில் அவர் குரல் மட்டும் தனியாக வந்தது. பழைய குரல் இல்லை, தேய்ந்துபோன குரல். ஒரு சுரத்துக்கு ஏறப் பார்த்து, முடியாமல், அங்கேயே நின்று திரும்பப் பார்க்கிறது. ரொம்ப நேரம் கழித்துத்தான் டிரம்ஸ் வந்தது. அது வந்த அதே தாளத்தில் முன்னால் உறுமியும் போய்க்கொண்டிருந்தது. காதுக்குள்ளும் அது, வெளியிலும் அது. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. உடம்பு தானாக ஆடியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. குடத்துப் பால் தளும்பித் தோளில் வழிந்தது. பக்கத்தில் யாரோ குலவை போட்டார்கள். அடுத்தவள் போட்டாள். ஒரு நிமிஷத்தில் ரோடு முழுக்கக் குலவை.

எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டு பெண்கள் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள், ஒருத்தி குடத்தை வாங்கிக்கொண்டாள். மேளக்காரர்கள் திரும்பி வந்து என்னைச் சுற்றி நின்று இன்னும் வேகமாக அடித்தார்கள். கூட்டத்துக்குத் தலைமையாக வந்த பெரியவர் நெற்றி நிறைய விபூதி பூசி, "வந்திருக்கிறது யாரு? வாயத் தொறந்து சொல்லு தாயி" என்றார். அப்படிக் கேட்பதுதான் முறை. வந்திருக்கிற தெய்வம் தன் பெயரைச் சொல்ல வேண்டும். நான் என்ன பெயரைச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். முடியை ஒதுக்கிக் காதிலிருந்ததை எடுத்துக் காட்டி, மன்னிச்சுக்கங்க என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். அத்தனை பேருக்கு நடுவில், நேர்த்திக்கடன் குடத்தோடு, காதில் வெள்ளைக்காரனை வைத்துக்கொண்டு நின்றதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன அமைதி. அப்போதுதான் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் ரோட்டில் மண்டியிட்டார்.

"சாமி, எம் மக வருவாளா?"

மேளம் நின்றது. மகள் போனதிலிருந்து யாரும் எடுக்காத பேச்சு. அவர் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார், தார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அக்கா எழுந்தால் போதும், கூட்டம் நகர்ந்தால் போதும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

"வருவா" என்றேன்.

அக்கா என் பாலும் புழுதியுமான காலில் நெற்றியை வைத்தார்.

பழனியில் குடத்தைச் செலுத்திவிட்டுக் கொடைக்கானலுக்குத் திரும்பி வந்ததும் எல்லாம் மாறியிருந்தது. என்னை "ஏ புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், "தாயி" என்றார், "நீங்க" என்றார். ஒரு வாளித் தண்ணீர் தூக்க விடமாட்டார். "நீங்க இருங்க, இந்தச் சோலியெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்பார். வில்பட்டிப் பெண்கள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருத்தி காய்ச்சல்காரக் குழந்தையைக் கொண்டுவந்து விபூதி போடச் சொன்னாள். போட்டேன். இரண்டாவது குழந்தை வந்தபோது கேட்பதற்கு முன்பே விபூதியை எடுத்தேன். பழகிவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

வெள்ளிக்கிழமைதான் எனக்குச் சிக்கலானது. அருள் வந்தது வெள்ளிக்கிழமை என்பதால், திரும்ப வந்தாலும் அன்றுதான் வரும் என்று அக்கா கணக்குப் போட்டுவிட்டார். நான் புது ஆல்பத்தைப் போட்டுக்கொண்டு போர்வை அடுக்குகிற ரூமுக்குள் ஒதுங்கினால், கொஞ்ச நேரத்தில் கதவோரம் வந்து நிற்பார். "இன்னைக்கி வெள்ளிக்கெழமல்ல தாயி. மனசுல ஏதும் படுதுங்களா?" நான் திருடியதை ஒளிக்கிற மாதிரி காதிலிருந்து உருவி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, "ஒண்ணும் இல்லக்கா" என்பேன். அவர் முகம் வாடாது. "வெரசா வரும்" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போவார்.

சீசனில் வேலை தலைக்கு மேல் இருந்தபோதும் கேட்டார். ஆடிக் காற்றில் கரண்ட் போய்க் கிடந்தபோதும் கேட்டார். பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருப்பது, ஒரு சின்னப் பெண் தன் ரூமில் தனியாக உட்கார்ந்து போனிலேயே ரெக்கார்ட் செய்த ஆல்பம். யாரோ தூங்குகிறார்கள், எழுந்துவிடக் கூடாது என்பது போல அடிக்குரலில் பாடுவாள். அதை முதல் தடவை நான் கேட்டது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அக்காவுக்குத் தெரியாமல். நல்ல ஆல்பம். அங்கேயும் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுத்தான் எழுந்து வந்தேன். இந்த வருடம் நான் நேசித்த ஒரு ஆல்பத்தைக்கூட நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கவில்லை.

இந்த டிசம்பரில்தான் விஷயம் முற்றியது. அக்காவின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அக்காவின் மகளை அவர் அங்கே பார்த்துவிட்டார். கைக்குழந்தையோடு இருக்கிறாளாம். அம்மா எப்படி இருக்கிறது என்று கேட்டு அழுதாளாம். தம்பி மலையேறி வந்து, "கெளம்புக்கா, நான் கூட்டிட்டுப் போறேன். மச்சான் கத்துனா கத்திட்டுப் போறாரு" என்று கூப்பிட்டிருக்கிறார். இதையெல்லாம் அக்கா சிரித்த முகத்தோடு என்னிடம் சொன்னார்.

"எப்பக்கா போறீங்க?"

"நான் எதுக்குப் போகணும்? வருவான்னு உங்க வாயால வந்துருச்சுல்ல. இப்ப நான் எந்திரிச்சுப் போனா சாமி வாக்க நம்பலன்னு ஆயிரும். முடியாதுன்னுட்டேன்."

அவருக்கு அதில் பெருமை. ரோட்டில் கூட்டம் நகர்வதற்காகச் சொன்ன ஒரு சொல், மகளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் குறுக்கே படுத்துக் கிடந்தது. இனி சொல்லாமல் இருக்க முடியாது. அப்படியும் சில நாள் தள்ளிப் போட்டேன்.

ஒரு வாரமாகப் பனி மூடியிருந்து வெயில் அடித்த நாள். மொட்டை மாடியில் பெட்ஷீட்டெல்லாம் காய்ந்திருந்தன. பெரிய பெட்ஷீட்டை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். நான் ஒரு முனை, அக்கா ஒரு முனை.

"அக்கா, அன்னைக்கி எனக்கு அருள் வரலக்கா."

அவர் உதறுவதை நிறுத்தவில்லை.

"பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன். இது காதுல இருந்துச்சு." பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். தொடவில்லை.

"அப்ப வருவான்னு சொன்னது?"

"நானாத்தான் சொன்னேன். எல்லாரும் பாக்கவும் பயந்துபோய்ச் சொல்லிட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா கொடியிலிருந்து அடுத்த பெட்ஷீட்டை உருவி, ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"சரி, அது கெடக்கு. சனிக்கெழம நான் திருப்பூருக்குப் போறேன். மேனேஜர்ட்ட நீயே சொல்லிரு."

அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. நிம்மதிப்பட்டதற்கே கூச்சமாக இருந்தது. இன்னும் இரண்டு மூன்று பெட்ஷீட் மடித்தோம்.

"அழுதியே" என்றார் அக்கா. "அப்பிடி அழுதியே. அதுவுமா பாட்டுக்கு?"

"ஆமாக்கா."

"என்ன பாட்டு அது?"

எந்தப் பாட்டைப் பற்றியும் குழுவில் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நான். அந்த மாடியில், தமிழில், அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தபோது இவ்வளவுதான் இருந்தது. "ஒருத்தரு ரொம்ப நாளா வச்சிருந்த காரை வித்துட்டாரு. அதப் பத்தின பாட்டு."

"காருக்கா?"

"ஆமா."

அக்கா நுனியோடு நுனி சேர்த்தார். என் பக்கம் நடந்து வந்து, என் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டார்.

"எம் மக போயி ரெண்டு வருசமாச்சு. பாவம்னு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்ட ஆள் இந்த ஊர்ல இல்ல. நானும் எவ முன்னாடியும் அழுகல. அன்னைக்கி நீ அழுகவும், சாமி எனக்காகத்தான் அழுகுதுன்னு நெனச்சேன். அதான் வந்து விழுந்தேன். வருவாளா மாட்டாளாங்கிறதெல்லாம் சும்மா கேட்டது."

மடித்த துணியையெல்லாம் கூடையில் அடுக்கினார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியைப் பார்த்துக் கால் வைத்துக் கீழே இறங்கினார். நான் கொடிக்கயிற்றுக்கு அடியில் நின்றேன். இந்த ஒரு வருடத்தில் எத்தனை பாட்டுக்கு அழுதிருப்பேன், எனக்கே தெரியாது. அங்கே நின்று அவருக்காக அழப் பார்த்தேன். வரவில்லை.